இழப்பால் அறியப்பட்ட முன்னோடி கேரி கில்டால்

முன்னுரை

கருவியைக் கையாள்வோர் பலர். அக்கருவியை ஆக்கியோரை அறிந்தோர் மிகச் சிலர். விண்டோஸ் கணிப்பொறியில் செய்திகளைச் சேமிக்கும் வட்டுக்குச் 'சி' என்னும் எழுத்தே பெயராக அமைந்திருப்பதை நம் மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவ்வெழுத்து ஏன் வந்தது, அதற்கு முன்னுள்ள 'ஏ', 'பி' என்னும் எழுத்துகள் எங்குச் சென்றன என வினவுவோர் அரியர். வட்டுகளை எழுத்துகளால் அழைக்கும் அவ்வழக்கத்தை மேசைக் கணிப்பொறிக்குக் கொணர்ந்தவர், அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் கேரி கில்டால் ஆவார்.

அவர் பெயரை அறிந்த சிலரும் ஒரே ஒரு கதையைக் கொண்டே அவரை அறிவர். பெருநிறுவனம் ஒன்று பெருஞ்செல்வத்தை ஏந்திக்கொண்டு வாயிலில் வந்து நின்றபோது, அவர் வானூர்தியில் பறந்து பொழுதுபோக்கினார், வாய்ப்பை இழந்தார், வேறொருவர் உலகப் பெருஞ்செல்வர் ஆனார் என்பதே அக்கதை. ஒரு மனிதரின் ஐம்பத்திரண்டு ஆண்டு வாழ்வை ஒரு பகற்பொழுதுக்குள் அடக்கிவிடும் இக்கதை முற்றும் உண்மைதானா? உண்மையே எனினும் ஒரு வாழ்வை அளக்க அது போதிய அளவுகோல் ஆகுமா? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து அப்பெருமகனாரின் வாழ்வை இக்கட்டுரையில் நாம் காணப் புகுகிறோம்.

பிறப்பும் இளமையும்

கேரி கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் பிறந்தார். அந்நகரம் கடலையும் கப்பலையும் சார்ந்து வளர்ந்தது. கில்டாலின் குடும்பத்தார் அங்கே கப்பலோட்டும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். விண்மீனையும் ஞாயிற்றையும் அளந்து, நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணித்தறியும் முறை அப்பள்ளியில் பயிற்றுவிக்கப்பட்டது. ஆகவே, கணக்கும் கற்பித்தலும் அவருக்குக் குடும்பச் செல்வங்களாக வாய்த்தன எனலாம்.

எனினும் பள்ளிப் பருவத்தில் அவர் சிறந்த மாணவராக விளங்கவில்லை. ஏட்டுப் படிப்பைவிட உந்து வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதிலும் கருவிகளைத் தம் கையால் செய்து பார்ப்பதிலுமே அவர் உள்ளம் சென்றது. மதிப்பெண் குறைந்த மாணவன் அறிவிற் குறைந்தவன் என முடிவு கட்டுவோர்க்கு அவர்தம் இளமை தக்க விடையாகும். பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவர் குடும்பப் பள்ளியிலேயே சிலகாலம் கற்பித்தார். பிறர்க்குச் சொல்லித் தரும்பொழுதுதான் தமக்கே பொருள் தெளிவாகிறது என்னும் உண்மையை அங்கே உணர்ந்திருத்தல் வேண்டும்; ஏனெனில் அதன்பின் அவர் கல்வியில் காட்டிய ஊக்கம் முற்றிலும் வேறாக இருந்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலச் சேர்ந்த அவர், விரைவில் கணிப்பொறி அறிவியலால் ஈர்க்கப்பட்டார். அக்காலத்தில் கணிப்பொறி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்து நிற்கும் பேரியந்திரம். அதனைத் தனியொருவர் தம் வீட்டில் வைத்துக்கொள்வது எண்ணிப்பார்க்கவும் இயலாத செயல். கல்லூரி நாள்களிலேயே 1963-ஆம் ஆண்டு டோரதி மெக்யூவன் என்னும் அம்மையாரை மணந்தார். பிற்காலத்தில் கில்டால் நிறுவிய நிறுவனத்தின் வணிகப் பொறுப்பு முழுவதையும் தாங்கியவர் இவ்வம்மையாரே.

ஆசிரியப் பணி

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இளைஞர்கள் படைப்பணிக்குக் கட்டாயமாக அழைக்கப்பட்டனர். கில்டால் தம் கடற்படைக் கடமையை ஆசிரியப் பணியின் வாயிலாக நிறைவேற்றும் வாய்ப்பைப் பெற்றார். கலிஃபோர்னியாவின் மாண்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் கணிப்பொறி அறிவியல் கற்பிக்கத் தொடங்கினார். 1972-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. கடமைக் காலம் முடிந்த பின்னரும் அவர் அப்பள்ளியிலேயே ஆசிரியராகத் தொடர்ந்தார்.

அவர்தம் ஆய்வு, மனிதர் எழுதும் ஆணைத்தொடரை இயந்திரம் அறியும் வடிவுக்கு மாற்றும்பொழுது வேண்டாத சுமையை நீக்கிச் சுருக்கும் வழிகளைப் பற்றியது. 1973-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அத்துறையில் இன்றளவும் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. கில்டாலை வணிக வாய்ப்பைத் தவறவிட்டவராக மட்டும் அறிந்தோர், அவர் வணிகத்துக்கு வருமுன்பே ஆய்வுலகில் இடம்பெற்ற அறிஞர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

நுண்செயலியோடு ஏற்பட்ட உறவு

1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. விரல்நகத்தினும் சிறிய சில்லு ஒன்றில் கணிப்பொறியின் மையப் பகுதி முழுவதையும் அடக்கிய அருஞ்செயல் அது. போக்குவரத்து விளக்கு, எடைக்கருவி போன்றவற்றை இயக்கப் பயன்படும் சிறு பொருளாகவே பலர் அதனைக் கருதினர். கில்டாலின் கண்ணுக்கோ அது கணிப்பொறியாகவே தெரிந்தது.

தந்தையாரின் பள்ளியில் மாணவர்கள் நெடுநேரம் செலவிட்டுப் போடும் கப்பற் கணக்கை நொடியில் போட்டுத்தரும் சிறு கருவி ஒன்றை அச்சில்லைக் கொண்டு அமைக்க அவர் முயன்றார். அச்சில்லின் ஆற்றல் அதற்குப் போதவில்லை. ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. நுண்செயலி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைப் பெரிய கணிப்பொறியிலேயே செய்துகாட்டும் ஆணைத்தொடரை அவர் எழுதினார். இன்டெல் நிறுவனம் அவரைத் தன் ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. ஆசிரியப் பணி இல்லாத நாளில் அவர் அந்நிறுவனத்துக்குச் சென்று பணியாற்றி வந்தார்.

அப்பணியின் பயனாக 1973-இல் பி.எல்/எம் என்னும் மொழி பிறந்தது. அதற்கு முன் நுண்செயலிக்கு ஆணையிட வேண்டுமாயின், இயந்திரத்தின் ஒவ்வோர் அசைவையும் தனித்தனிக் குறியீடாக எழுத வேண்டும். அத்துன்பத்தை நீக்கி, மனிதர்க்கு எளிதில் விளங்கும் சொற்களால் ஆணையிட வழி செய்தது பி.எல்/எம். நுண்செயலிக்கென எழுந்த முதல் உயர்நிலை மொழி இதுவேயாகும்.

சிபி/எம் பிறந்த வரலாறு

மொழி கிடைத்துவிட்டது. ஆனால் எழுதியதைச் சேமித்து வைக்க இடமில்லை. துளையிட்ட காகித நாடாவில் ஆணைத்தொடரைப் பதித்து, மீண்டும் மீண்டும் இயந்திரத்துள் செலுத்த வேண்டியிருந்தது. நாடா கிழிந்தால் உழைப்பும் கிழிந்தது. அந்நாளில்தான் பிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டு பரவத் தொடங்கியது. எட்டு அங்குல அகலமுள்ள வட்டு ஒன்று ஏறத்தாழ 250 கிலோபைட் அளவுள்ள செய்தியைத் தாங்கியது. கில்டால் ஷுகார்ட் நிறுவனத்திலிருந்து வட்டியக்கி ஒன்றைப் பெற்றார். ஆனால் அதனை நுண்செயலியோடு இணைக்கும் மின்சுற்றை அமைப்பது அவர்க்குக் கைவரவில்லை. ஜான் டொரோட் என்னும் நண்பர் அச்சுற்றை அமைத்துத் தந்தார்.

இனித் தேவைப்பட்டது, வட்டின் எப்பகுதியில் எச்செய்தி உள்ளது என்பதைக் கணக்கு வைத்து, வேண்டும்போது எடுத்துத் தரும் ஆணைத்தொடர். நூலகத்தில் நூல்களை வரிசைப்படுத்தி, கேட்பவர்க்கு எடுத்தளிக்கும் நூலகரின் பணிக்கு அது ஒப்பாகும். அப்பணியைச் செய்யும் இயக்க முறைமையைக் கில்டால் பெரும்பாலும் பி.எல்/எம் மொழியிலேயே எழுதி முடித்தார். அதற்குச் சிபி/எம் எனப் பெயரிட்டார். 1974-ஆம் ஆண்டு, மாண்டெரேயை அடுத்த பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் அது முதன்முதலாக இயங்கிக் காட்டப்பட்டது. மேசைக் கணிப்பொறி என்னும் பெருமரத்தின் விதை முளைத்த இடம் அச்சிற்றூரே என்பது மிகையன்று.

தாம் ஆலோசகராக இருந்த இன்டெல் நிறுவனத்திடமே அதனை அவர் முதலில் அளித்தார். அந்நிறுவனம் பி.எல்/எம் மொழியை ஏற்றுக்கொண்டது. சிபி/எம் தனக்கு வேண்டாம் என ஒதுக்கியது. வாய்ப்பைத் தவறவிட்டோர் பட்டியல் ஒன்று எழுதப்படுமாயின் அதில் கில்டாலின் பெயருக்கு முன்னே இன்டெலின் பெயரும் இடம்பெற வேண்டும் அன்றோ?

சிற்றூரில் எழுந்த நிறுவனம்

மறுக்கப்பட்ட பொருளைக் கணவனும் மனைவியுமாகத் தாங்களே விற்க முனைந்தனர். இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்னும் பெயரில் தொடங்கிய அவர்தம் நிறுவனம், பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் எனச் சுருங்கிய பெயரால் புகழ்பெற்றது. 70 டாலர் விலையில் அஞ்சல் வழியே சிபி/எம் விற்கப்பட்டது. தாமே பூட்டி இணைத்த கணிப்பொறிகளை வைத்திருந்த ஆர்வலர்கள் அதனை விரும்பி வாங்கினர்.

இங்கே கில்டாலின் அறிவுத் திறத்தை விளக்கும் செய்தி ஒன்றைச் சற்று விரிவாகக் காண்பது தகும். அந்நாளில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணிப்பொறியும் ஒவ்வொரு வகையாக அமைந்திருந்தது. விசைப்பலகை, திரை, வட்டியக்கி யாவும் வேறு வேறு. புதிய பொறி ஒன்று வரும்போதெல்லாம் இயக்க முறைமை முழுவதையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இம்சாய் என்னும் நிறுவனம் தன் கணிப்பொறிக்குச் சிபி/எம் வேண்டும் எனக் கேட்டபோது, இத்துன்பத்துக்கு ஒரு முடிவு காண அவர் எண்ணினார். பொறிக்குப் பொறி மாறும் பகுதிகள் எவை, எங்கும் மாறாத பகுதிகள் எவை எனப் பிரித்தார். மாறுவனவற்றை மட்டும் ஒரு சிறு பகுதியாகத் தொகுத்து, அதற்கு 'பயாஸ்' எனப் பெயரிட்டார். புதிய பொறி வந்தால் அச்சிறு பகுதியை மட்டும் எழுதினால் போதும். மற்றவை தொடாமலே இயங்கும்.

வீட்டுக்கு வீடு வாசல் வேறாயினும் உள்ளே எரியும் அடுப்பு ஒன்றே என்பதைப் போன்றது இவ்வுத்தி. இதன் விளைவு மிகப் பெரிது. ஒரு பொறிக்கென எழுதிய ஆணைத்தொடர் நூறு வகைப் பொறிகளிலும் ஓடியது. வேர்டுஸ்டார், டிபேஸ் முதலிய புகழ்பெற்ற மென்பொருள்கள் சிபி/எம் முறைமையின் மீதே முதலில் வளர்ந்தன. மென்பொருள் எழுதுவதையே தனித் தொழிலாகக் கொண்டு வாழ இயலும் என்னும் நிலை உருவாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் எட்டு பிட் மேசைக் கணிப்பொறிகளின் உலகில் சிபி/எம் முடிசூடா மன்னனாக விளங்கியது. 64 கிலோபைட்டுக்கு மேல் நினைவகத்தை நேரே கையாள இயலாத சிறு பொறிகளுக்குள் இத்தனையும் நிகழ்ந்தன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

1980-ஆம் ஆண்டின் நிகழ்வு

இனி, கில்டாலின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்நிகழ்வுக்கு வருவோம். 1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் தனிமனிதர்க்கான கணிப்பொறி ஒன்றை உருவாக்க முனைந்தது. அதற்கான மென்பொருள்களைத் தேடி அதன் அலுவலர்கள் முதலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பில் கேட்ஸை அணுகினர். இயக்க முறைமை தம்மிடம் இன்மையால் அவர் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பினார்.

ஐ.பி.எம். குழுவினர் பசிபிக் குரோவுக்கு வந்த நாளில் கில்டால் வானூர்தியில் சென்றிருந்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் பொழுதுபோக்கப் பறக்கவில்லை. முன்னரே ஒப்புக்கொண்டிருந்தபடி வாடிக்கையாளர் ஒருவரைக் காணச் சென்றிருந்தார். வழக்கம்போல் வணிகப் பேச்சைத் துணைவியார் டோரதி மேற்கொண்டார். பேச்சைத் தொடங்குமுன்பே ஐ.பி.எம். நீட்டிய மறைகாப்பு ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருந்ததாகக் கருதி, அவரும் நிறுவனத்தின் வழக்கறிஞரும் கையொப்பமிடத் தயங்கினர். பிற்பகலில் தாம் திரும்பிவந்து ஐ.பி.எம். அலுவலரோடு பேசியதாகக் கில்டால் உறுதிபடக் கூறிவந்தார். வந்த குழுவினருள் ஒருவரோ அவரைச் சந்தித்ததாகத் தமக்கு நினைவில்லை என்றார். இருதரப்பும் ஒத்துப்போகாத இச்செய்தியில் ஒன்று மட்டும் தெளிவு. சிபி/எம் முறைமைக்கு எத்தனை படி விற்றாலும் ஒரே தொகைதான் என்னும் ஏற்பாட்டையும், பெயரை மாற்ற வேண்டும் என்னும் விருப்பத்தையும் கில்டால் ஏற்க விரும்பவில்லை. உடன்பாடு எட்டப்படாமல் போனதற்குப் பறத்தல் காரணமன்று. பேச்சின் நிபந்தனைகளே காரணம்.

இதற்கிடையில் சியாட்டில் கம்ப்யூட்டர் பிராடக்ட்ஸ் என்னும் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்பவர், புதிய பதினாறு பிட் நுண்செயலிக்கென ஓர் இயக்க முறைமையை எழுதியிருந்தார். சிபி/எம் முறைமைக்கென எழுதப்பட்ட மென்பொருள்களை எளிதில் மாற்றிக்கொள்ளும் பொருட்டு, அதன் கையேட்டில் கண்ட ஆணை அமைப்பை ஒட்டியே அவர் தம் முறைமையை வகுத்தார். அதனை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கி ஐ.பி.எம். நிறுவனத்துக்கு அளித்தது. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12-ஆம் நாள் ஐ.பி.எம். கணிப்பொறி வெளிவந்தது, அதனோடு பிசி டாஸ் வெளிவந்தது.

அதன் தோற்றம் தம் படைப்பைப் பெரிதும் ஒத்திருப்பதைக் கில்டால் கண்டார். பேட்டர்சனோ தாம் எதனையும் படியெடுக்கவில்லை என மறுத்தார். 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றும் ஆணைவரிகள் படியெடுக்கப்பட்டமைக்குச் சான்றில்லை எனக் கூறியது. வடிவமைப்பைப் பின்பற்றுவது வேறு, வரிகளைப் படியெடுப்பது வேறு என்னும் பாகுபாட்டை நாம் நடுநிலையோடு ஏற்க வேண்டும். மென்பொருளுக்குரிய பதிப்புரிமைச் சட்டம் தெளிவு பெறாத அந்நாளில், தோற்றத்தையும் அமைப்பையும் காக்கச் சட்டம் துணைவரும் என்னும் உறுதி இல்லை. ஆகவே கில்டால் வழக்குத் தொடராமல், சிபி/எம்-86 முறைமையையும் உடன் விற்க வேண்டும் என்னும் உடன்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தோடு செய்துகொண்டார்.

கடைக்கு வந்தபோது உண்மை விளங்கிற்று. பிசி டாஸின் விலை 40 டாலர். சிபி/எம்-86 முறைமையின் விலை 240 டாலர். அருகருகே வைக்கப்பட்ட இரண்டனுள் மக்கள் எதனை எடுப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கு நம் வணிகப் பெருமக்கள் ஒன்றை உன்னுவது நலம். பொருளை விற்கலாம் என்னும் வாக்குறுதியை எழுத்தில் பெற்ற கில்டால், எவ்விலைக்கு விற்கப்படும் என்பதை எழுத்தில் பெறவில்லை. எழுதாத ஒரு வரி, எழுதிய ஒப்பந்தம் முழுவதையும் பயனற்றதாக்கியது.

ஜெம் என்னும் மணி

தோல்வியோடு அவர் வரலாறு முடிந்தது என எண்ணுவோர், அதன்பின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் ஆக்கியவற்றை அறியாதோர் ஆவர். ஒரே நேரத்தில் பல பணிகளைச் செய்யவல்ல முறைமைகளை அந்நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே மேசைக் கணிப்பொறிக்கு அளித்தது. அதனினும் சிறப்பாகக் கருதத்தக்கது ஜெம் என்னும் படிமச் சூழல் ஆகும்.

அதுவரை கணிப்பொறியோடு உரையாட வேண்டுமாயின் ஆணைச் சொற்களை மனப்பாடமாக விசைப்பலகையில் தட்ட வேண்டும். எழுத்துப் பிழை நேர்ந்தால் பொறி மறுத்துவிடும். திரையில் சிறு படங்களையும் சாளரங்களையும் காட்டி, மவுஸ் என்னும் சுட்டியால் தொட்டு இயக்கும் முறையை ஜெராக்ஸ் ஆய்வுக்கூடம் உருவாக்கியிருந்தது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் அதனை மக்களிடம் கொண்டு சென்றது. ஆனால் அதன் விலை எளியோர்க்கு எட்டவில்லை. ஜெராக்ஸில் பணியாற்றிவிட்டு டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தில் சேர்ந்த லீ லாரன்சன் முதலியோர், சாதாரண ஐ.பி.எம். வகைப் பொறியிலேயே அத்தகு சூழலை உருவாக்க முனைந்தனர். கில்டால் இதன் வரிகளைத் தம் கையால் எழுதினார் அல்லர். எனினும் அவர் நிறுவிய பட்டறையில் உருவான படைப்பு இது.

அப்பொறிகளின் வேகம் குறைவு. நினைவகம் 640 கிலோபைட்டைத் தாண்டாது. வன்வட்டு பலரிடம் இல்லை. இவ்வளவு குறுகிய இடத்தில் இயங்க வேண்டுமாயின் படைப்பு மிக மெலிதாக இருத்தல் வேண்டும். ஆகவே ஜெம் இரு பகுதிகளாக வகுக்கப்பட்டது. ஒரு பகுதி கோடு, வட்டம், எழுத்து ஆகியவற்றை வரையும் பொறுப்பை ஏற்றது. திரையாயினும் அச்சுப்பொறியாயினும் அவ்வவற்றின் இயல்புக்கேற்ப அப்பகுதி மாற்றிக்கொள்ளும். மற்றொரு பகுதி சாளரம், பட்டியல், சிறு படம் ஆகியவற்றை ஆளும். மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைக்கும் கில்டாலின் பழைய நெறியே இங்கும் உயிர்நாடியாக விளங்குவதைக் காண்கிறோம்.

1984 நவம்பரில் காம்டெக்ஸ் கண்காட்சியில் காட்டப்பட்ட ஜெம், 1985 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. விண்டோஸின் முதற் பதிப்பு வெளிவந்தது 1985 நவம்பரில்தான். ஆனால் முந்தி வந்தது நிலைபெறும் என்பது உலக நியதியன்று. ஜெம் தன் மெக்கின்டாஷைப் பெரிதும் ஒத்திருப்பதாக ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுக்கப் போவதாக அச்சுறுத்தியது. டிஜிட்டல் ரிசர்ச் பணிந்தது. 1986-இல் வந்த இரண்டாம் பதிப்பில் குப்பைத்தொட்டிப் படம் நீக்கப்பட்டது; முகப்பில் விருப்பம்போல் நகர்த்தத்தக்க சாளரங்களுக்கு மாறாக அசையாத இரு சாளரங்களே வைக்கப்பட்டன. தம் படைப்பின் சாயலைப் பிறர் கொண்டபோது சட்டத்தின் துணையை நாடாத நிறுவனம், பிறர் படைப்பின் சாயலைக் கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டபோது தன் சிறகைத் தானே நறுக்கிக்கொண்டது. காலத்தின் கோலம் இது.

எனினும் ஜெம் மறைந்துவிடவில்லை. 1985-இல் வெளிவந்த அட்டாரி எஸ்டி கணிப்பொறி ஜெம்மையே தன் முகமாகக் கொண்டது. அப்பதிப்பு மேற்சொன்ன மாற்றங்களுக்கு உட்படவில்லை. 1986-இல் வெளிவந்த ஆம்ஸ்ட்ராட் பிசி 1512 என்னும் மலிவு விலைக் கணிப்பொறியோடும் அது வழங்கப்பட்டது. நூல்களைப் பக்கம் பக்கமாக அமைத்து அச்சுக்கு ஆயத்தம் செய்யும் வென்ச்சுரா பப்ளிஷர் என்னும் மென்பொருளும் ஜெம்மின் மேலேயே இயங்கியது. 1999-இல் ஜெம்மின் மூல ஆணைவரிகள் எவரும் கற்கவும் திருத்தவும் உரிய பொது உரிமத்தில் வெளியிடப்பட்டன. ஆர்வலர் பலர் அதனைப் பேணி வளர்த்தனர்.

பிற ஆக்கங்கள்

கில்டாலின் உள்ளம் ஒரு துறையில் தங்கி ஓய்வதன்று. இசைப்பேழைக்கெனப் பிறந்த குறுந்தகட்டில் அறிவுக்களஞ்சியத்தையே அடக்கலாம் என அவர் கண்டார். அதற்கென அவர் தொடங்கிய நிறுவனம் குரோலியர் பதிப்பகத்தின் கலைக்களஞ்சியத்தை 1985-இல் குறுந்தகட்டில் வெளியிட்டது. பல தொகுதிகளாக அலமாரியை நிறைத்து நின்ற நூல், ஓர் உள்ளங்கை அளவுள்ள தகட்டுக்குள் அடங்கியது. வேண்டிய சொல்லைத் தட்டினால் வேண்டிய பக்கம் தோன்றியது. இன்று செய்தியைத் தேடிப் பெறுவது மூச்சு விடுவதைப் போல் எளிதாகிவிட்டது. அவ்வழியில் முதலடி எடுத்து வைத்தோருள் கில்டாலும் ஒருவர்.

1983 முதல் 1990 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்னும் நிகழ்ச்சியை ஸ்டூவர்ட் செய்ஃபெட் என்பவரோடு இணைந்து நடத்தினார். தம் போட்டியாளரின் படைப்புகளையும் அதில் அமர்ந்து பொறுமையோடு விளக்கினார். வகுப்பறையை விட்டு நீங்கிய ஆசிரியர் நாட்டையே வகுப்பறையாக்கிக்கொண்டார் எனலாம்.

1988-இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் டிஆர் டாஸ் என்னும் முறைமையை வெளியிட்டது. தம்மிடமிருந்து சென்ற வழியில் தாமே மீண்டும் போட்டியிட்ட முயற்சி அது. தரத்தில் அது பாராட்டுப் பெற்றது. 1991-இல் அந்நிறுவனத்தை நாவல் நிறுவனம் விலைக்கு வாங்கியது. கில்டால் செல்வராகவே வெளியேறினார். வறியவராக மடிந்தார் எனச் சிலர் எழுதுவது பிழை. பின்னர் டிஆர் டாஸின் உரிமையைப் பெற்ற கால்டெரா நிறுவனம் 1996-இல் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கு, 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் உடன்பாட்டில் முடிந்தது. அதனைக் காணக் கில்டால் இல்லை.

இறுதிக் காலம்

கில்டால் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரை அடுத்துக் குடியேறினார். நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் தொண்டுகளில் ஈடுபட்டார். வானூர்தி, படகு, உந்து வண்டி ஆகியவற்றின் மீதிருந்த இளமைக்கால விருப்பம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. ஆனால் உள்ளத்தில் ஒரு முள் தைத்திருந்தது. எங்குச் சென்றாலும் அந்தப் பறந்த கதையையே மக்கள் கேட்டனர். 1992-இல் அவர் பயின்ற பல்கலைக்கழகத்தின் கணிப்பொறித் துறை தன் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. சிறப்புரையாற்ற அத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற கில்டால் அழைக்கப்படவில்லை. பில் கேட்ஸ் அழைக்கப்பட்டார். இந்நிகழ்வு அவரைப் பெரிதும் வருத்தியது. தம் தரப்பு வரலாற்றைத் தாமே எழுதி வைக்க அவர் முனைந்ததற்கு இதுவே தூண்டுகோல் ஆயிற்று.

அந்நூலை அவர் தம் காலத்தில் வெளியிடவில்லை. பிற்கால ஆண்டுகளில் மதுப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. அவர்தம் மக்களே அவ்வுண்மையை மறைக்காமல், அப்பழக்கத்தின் நிழல் படிந்த பிற்பகுதியை விலக்கி, முற்பகுதியை மட்டும் 2016-இல் கலிஃபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வாயிலாக வெளியிட்டனர். சிறந்தோரின் வரலாற்றை எழுதுங்கால் குறையை மறைப்பதும் அறமன்று. குறையையே வரலாறாக்குவதும் அறமன்று. அம்மக்கள் நடந்துகொண்ட முறை நமக்கு இவ்வகையில் நல்லதோர் எடுத்துக்காட்டு.

1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மாண்டெரே நகரத்து உணவு விடுதி ஒன்றில் அவர் தலையில் காயமுற்றார். அது எவ்வாறு நேர்ந்தது என்பது முழுதும் துலங்கவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூலை 11-ஆம் நாள், தம் ஐம்பத்திரண்டாம் அகவையில் அவர் மறைந்தார். பிறந்த ஊராகிய சியாட்டிலிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

உரிய சிறப்பு காலந்தாழ்ந்து வந்தது. 1995-இல் அமெரிக்க மென்பொருள் வெளியீட்டாளர் சங்கம் அவருக்கு விருது அளித்துப் போற்றியது. 2014-இல் பசிபிக் குரோவில், அவர் நிறுவனம் இயங்கிய இல்லத்தின் முன்னே, மின் மற்றும் மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு ஒரு நினைவுப் பட்டயத்தைப் பதித்தது. 1974-இல் அவ்வூரில் நிகழ்ந்த முதற் செயல்விளக்கத்தை அப்பட்டயம் உலகுக்கு நினைவூட்டுகிறது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய இரு வினாக்களுக்கும் இப்போது நாம் விடை கூறலாம். பறக்கச் சென்றதால் வாழ்வை இழந்தார் என்னும் கதை உண்மையின் ஒரு துணுக்கேயன்றி முழு உண்மை அன்று. அது முழு உண்மையே ஆயினும், ஒருவர் பெறாமற்போன செல்வத்தைக் கொண்டு அவர்தம் வாழ்வை அளப்பது முறையாகாது. அவர் உலகுக்கு விட்டுச்சென்றது எது என்பதே தக்க அளவுகோல். பொறிக்கும் ஆணைத்தொடருக்கும் இடையே ஒரு பொது நிலத்தைக் கண்டவர் அவர். அந்நிலத்தில் அவருக்குப்பின் பலர் மாளிகை எழுப்பினர். மாளிகையில் பெயர் பொறித்துக்கொண்டனர். நிலம் கண்டவரின் பெயர் மண்ணுக்கடியில் நின்றுவிட்டது.

நம் மாணவர்கள் இவ்வாழ்வினின்றும் கொள்ளத்தக்கவை பல. மதிப்பெண் குறைவால் மனந்தளர வேண்டா என்பது ஒன்று. சிறு பொருளிலும் பெரும்பயனைக் காணும் பார்வை வேண்டும் என்பது மற்றொன்று. மாறுவது எது, மாறாதது எது எனப் பகுத்தறிந்தால் எந்தச் சிக்கலும் பாதி தீர்ந்துவிடும் என்பது மூன்றாவது. ஆக்கும் திறனோடு ஆக்கியதைக் காக்கும் விழிப்பும் சேர வேண்டும் என்பது நான்காவது. சட்டமும் வணிகமும் அறியாத அறிவு, வேலியில்லாப் பயிர் போன்றது.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு செய்தி உண்டு. தாம் பெற்ற முனைவர் பட்டத்துக்குரிய துறையே தம்மை மறந்ததைக் கண்டு வருந்திய ஒரு மாணவரின் வரலாறு இது. நம் வகுப்பறையின் பின்வரிசையில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவன் நாளை எதனைக் கண்டறிவான் என நாம் அறியோம். அவன் வெல்லும்போது மட்டும் அவனை நம்மவன் என உரிமை கொண்டாடுவது எளிது. அவன் உழைப்பை உலகம் மறந்த நாளிலும் அவன் பெயரைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.